வாய்க்கால் குழு: வன்னிக் கமக்காரருக்கு நிலைத்து நிற்கும் வாட்ஸ்அப் குழுவைக் கட்டுவது எப்படி

வன்னியில் ஒரு கமக்காரரின் போனை எடுத்துப் பார்த்தால் பழைய மாணவர் குழு, கோயில் திருவிழாக் குழு, சனசமூக நிலையக் குழு, கனடாவில் இருக்கும் மருமகன் சேர்த்துவிட்ட குடும்பக் குழு என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றின் சத்தம் நிறுத்தப்பட்டிருக்கும். ஆனால் நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா, வெட்டு மெஷின் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது, பரந்தனில் பச்சை நெல் என்ன விலைக்குப் போகிறது என்று அறிய அவர் இன்னமும் சந்திக் கடைக்குத்தான் போகிறார். அந்த மூன்று கேள்விக்கும் நம்பிக்கையான விடை கிடைக்கும் குழுவை யாரும் சத்தம் நிறுத்தி வைக்கமாட்டார்கள். அப்படி ஒன்றைத் தொடங்கி, போகத்துக்குப் போகம் வளர்க்கும் வழியை இங்கே எழுதுகிறோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என எந்தக் குளத்தின் கீழும் இது பொருந்தும்.

எல்லை

"கிளிநொச்சி விவசாயிகள்" என்ற பெயரில் குழு தொடங்கினால் ஒரு வாரத்தில் ஐந்நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள், ஒரு மாதத்தில் அது வெறும் பார்வேட் குப்பையாகிவிடும். காரணம் எளிது. பூநகரியில் மழையை நம்பி விதைக்கிறவருக்கு இரணைமடு வாய்க்கால் முறை தேவையில்லை. வட்டக்கச்சியில் நெல் செய்கிறவருக்கு விசுவமடுவில் மிளகாய்க்கு என்ன மருந்து என்பது தேவையில்லை. தனக்குச் சம்பந்தமில்லாத செய்தி பத்து வந்தால், பதினோராவதாக வரும் சம்பந்தமான செய்தியையும் ஒருவர் திறந்து பார்க்கமாட்டார்.

ஆகவே பெயரிலேயே குளம், கரை, பயிர் மூன்றும் வரட்டும்: "இரணைமடு வலதுகரை நெல்" என்பது போல. யாருக்கான குழு, எதற்கான குழு என்பதை ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வசனத்தில் "மற்றும்" இரண்டு தரம் வந்தால் எல்லை இன்னும் அகலம். நாற்பது முதல் நூற்றைம்பது பேர் வரை நல்ல அளவு. வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1024 பேர் வரை விடுகிறது. ஆனால் இருநூற்றைம்பதைத் தாண்டினால் முகம் தெரியாதவர் கூடி, கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள் வாய் திறக்காமல் போய்விடுகிறார்கள். கேட்பவர் குறைந்த குழுவில் சொல்பவரும் குறைவார்.

முதல் இருபது பேர்

இணைப்பைப் பேஸ்புக்கில் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரிடமும் நேரில் அல்லது போனில் கேட்டு, சம்மதம் வாங்கிச் சேர்ப்பதே முறை. கேட்காமல் சேர்க்கப்பட்டவர் முதல் நாளே வெளியேறுவார். அப்படி வெளியேறியவரைத் திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு.

முதல் இருபதில் யார் யார் இருக்கவேண்டும் என்பதில் கவனம் தேவை. வாய்க்கால் பிரதிநிதிகள், உழவு மெஷினோ வெட்டு மெஷினோ வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர், நெல் விலை அன்றாடம் தெரிந்த ஒருவர், தனியாக வயல் செய்யும் பெண்கள் குறைந்தது நான்கு பேர், எழுத்து வேலை தெரிந்த இளம் ஆட்கள் இருவர், முடிந்தால் அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியர். போதனாசிரியர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். தன் இலக்கம் நூறு பேருக்குப் போவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். கேள்விகளைத் திரட்டி வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் கொண்டுபோக ஓர் ஆளை ஒழுங்கு செய்தால் போதும்.

இந்த இருபது பேரோடு இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். புதிதாக வருபவர் உள்ளே நுழையும்போது ஓடிக்கொண்டிருக்கும் குழுவைக் காணவேண்டும். "வணக்கம், வரவேற்கிறோம்" மட்டும் இருக்கும் குழுவில் யாரும் தங்கமாட்டார்.

நிர்வாகிகளும் அமைப்புகளும்

நிர்வாகிகள் மூன்று முதல் ஐந்து பேர். அமைப்பின் தலைவர் ஒருவரே நிர்வாகி என்றால், அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் மாறும்போது குழுவும் உடையும். ஒருவர் தலைவாய்க்கால் பக்கம், ஒருவர் கடைவாய்க்கால் பக்கம், ஒருவர் கட்டாயம் பெண். கடைவாய்க்கால் ஆள் ஏன் முக்கியம் என்றால், தண்ணீர்ப் பிணக்கு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். நிர்வாகத்தில் அவர்களுக்கு ஆள் இல்லாவிட்டால் முழுக் குழுவையும் "மேல் வாய்க்கால்காரரின் குழு" என்று ஒதுக்கிவிடுவார்கள். ரொறன்ரோவிலோ ஸ்காபரோவிலோ இருக்கும் ஊரவர் ஒருவரை உதவி நிர்வாகியாக வைப்பதில் ஒரு நன்மை உண்டு: இங்கே நள்ளிரவு ஆகும்போது அங்கே பிற்பகல். இரவில் வந்து விழும் ஆபாசப் படத்தையோ கடன் விளம்பரத்தையோ விடியுமுன் அழித்துவிடலாம். ஊர்த் தீர்மானங்களை மட்டும் ஊரில் இருப்பவர்களே எடுக்கட்டும்.

குழுவை எந்த இலக்கத்தில் உருவாக்குகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். ரீலோட் போடாமல் விட்ட சிம் முடங்கி, காலப்போக்கில் அந்த இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். நிலையாகப் பாவிக்கும் இலக்கமாக இருக்கவேண்டும். நிர்வாகிகள் அனைவரும் வாட்ஸ்அப் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்கக் கடவுச்சொல் வைப்பது கட்டாயம். "அண்ணை, தவறுதலா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே செய்தி வரும். அந்தக் கோடைக் கொடுத்தால் கணக்கே போய்விடும். நிர்வாகியின் கணக்கு போனால் குழுவும் களவாடியவன் கையில். இந்த ஏமாற்றை முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் குரல் பதிவில் விளங்கப்படுத்துங்கள்.

குழு அமைப்புகளில் புதியவரை நிர்வாகி அனுமதித்த பின்பே உள்ளே விடும் தெரிவைப் போடுங்கள். குழுவின் பெயரையும் படத்தையும் மாற்றும் உரிமை நிர்வாகிக்கு மட்டும் இருக்கட்டும். செய்தி அனுப்பும் உரிமையை எல்லோருக்கும் திறந்து வைத்து, வெள்ள நாளில் மட்டும் நிர்வாகிக்கு மாற்றுங்கள். மறையும் செய்திகளை நிறுத்தி வையுங்கள், ஏனென்றால் போன காலபோகத்தில் (மாரி மழையோடு செய்யும் பெரிய போகம்) எந்தத் திகதியில் தண்ணீர் விட்டார்கள், மாசியில் நெல் என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பார்க்கத்தான் இந்தக் குழு. குழு விபரத்தில் கமத்தொழில் ஆலோசனைக்கு 1920, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸ் சேவைக்கு 1990 ஆகியவற்றையும் உங்கள் கமநல சேவை நிலையத்தின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். மூன்று செய்திகள் வரை மேலே பொருத்தி வைக்கலாம். ஒன்று விதிகள், ஒன்று இந்தப் போகத்தின் திகதிகள், மூன்றாவதை அந்த வாரத் தேவைக்கு விடுங்கள்.

டேட்டாவும் இங்கே ஒரு காரணம். உள்ளூர்களில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடுதான். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்தப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள். பலர் குழுவை விட்டு விலகுவது கோபத்தால் அல்ல, போன் நிரம்பிவிட்டது என்பதால்தான்.

விதிகள் ஐந்து போதும். குழுவின் எல்லைக்கு வெளியே எதுவும் இல்லை. வேறு இடத்திலிருந்து வந்ததை அனுப்பினால் எங்கிருந்து, எந்தத் திகதி என்று எழுதவேண்டும். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை அவசரம் தவிர அமைதி. குழுவில் கண்ட பெண்களின் இலக்கத்துக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் அன்றே நீக்கம். குழுவில் காசு சேர்ப்பதில்லை. இவற்றை எழுத்தில் போடுவதோடு நிற்காமல், ஊரில் மதிப்புள்ள மூத்தவர் ஒருவரின் குரலில் ஒரு நிமிடப் பதிவாகவும் போடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் ஐயாமாருக்கு அதுதான் போய்ச் சேரும்.

என்ன போடுவது, எப்படிப் போடுவது

ஒரு குழுவின் உயிர் செய்தியின் வடிவத்தில் இருக்கிறது. "தண்ணி விட்டாச்சாம்" என்ற ஒரு வரி நூறு பேரைக் குழப்பும். எந்த வாய்க்கால், எப்போது, யார் சொன்னது என்று முப்பது பேர் திருப்பிக் கேட்பார்கள். தண்ணீர்ச் செய்திக்கு இந்த மாதிரியைப் பழக்குங்கள்:

"இரணைமடு. டிசம்பர் 12, காலை 6.30. மட்டம் 34 அடி 2 அங்குலம். வான்கதவு திறக்கேல்லை. நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில நேரில கேட்டது."

இடம், திகதி, நேரம், அளவு, எங்கிருந்து அறிந்தது. இந்த ஐந்தும் இல்லாத தண்ணீர்ச் செய்தியை நிர்வாகி அழித்துவிட்டு, போட்டவருக்குத் தனியாக மரியாதையோடு விளக்கவேண்டும். இரணைமடுவின் முழு மட்டம் 36 அடி. அதை அறிந்தவருக்கு மேலே உள்ள செய்தியின் பொருள் உடனே பிடிபடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்ததைக் கண்டவர்களுக்கு, மாரி இரவில் "குளம் உடையப்போகுது" என்ற ஒரு குரல் பதிவு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இரவில் குழுவை நிர்வாகி மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "மாற்றமில்லை" என்று நேரத்தோடு போடுங்கள். மௌனம் நீண்டால்தான் வதந்தி புகும். பொய்த் தகவலைப் பரப்புவது 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் வழக்காகவும் வரலாம் என்பதை நிர்வாகிகள் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

விலைச் செய்தியில் கிலோ விலை மட்டும் போட்டால் அது அரைச் செய்தி. எந்த இனம், பச்சையா காய்ந்ததா, மூடைக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள், வயலில் ஏற்றுவதா ஆலையில் இறக்குவதா, கையில் காசா பிறகு காசா என்பது எல்லாம் வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நெல்லையே வாங்குகிறது. அந்த விலையையும் வயலோரத்தில் யாபாரி தரும் பச்சை நெல் விலையையும் ஒரே வரியில் ஒப்பிட்டால், கமக்காரருக்கு வீணான ஏக்கமும் யாபாரியோடு வீணான சண்டையும்தான் மிஞ்சும். விற்றவரே போடும் விலைக்கு முதலிடம். யாபாரி போடும் விலை என்றால் "வாங்குபவர்" என்று அடையாளம் போடச் சொல்லுங்கள்.

நோய், பூச்சிக் கேள்விகள்தான் அதிகம் வரும், அதிகம் கெடுவதும் அவைதான். மேலிருந்து எடுத்த ஒரு மங்கல் படம் வரும், கீழே பத்துப் பேர் பத்து மருந்தின் பெயரைச் சொல்வார்கள். மூன்று படம் கேளுங்கள்: வயலின் அகலப் பார்வை, ஒரு பயிரின் அடி, இலையின் பின்புறம். அறக்கொட்டி என்று நம்மவர் சொல்லும் கபில நிறத் தத்தி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பயிரின் அடியில்தான் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் வட்டமாகக் காய்ந்த திட்டு மட்டும் தெரியும், அதைப் பார்த்துவிட்டு உரக் குறைவு என்று யூரியா போடச் சொல்பவரும் இருப்பார். தழைச்சத்து கூடிய பயிரில் தத்தி இன்னும் பெருகும் என்பதால் அந்த ஒரு பதில் வயலையே எடுத்துவிடும். படத்தோடு இனம், விதைத்து எத்தனை நாள், எத்தனை ஏக்கரில் தெரிகிறது, இதுவரை என்ன அடித்தது என்பவை வரட்டும். மருந்தின் பெயரையும் அளவையும் போதனாசிரியர் அல்லது 1920இல் கேட்டு உறுதிப்படுத்தியவர் மட்டுமே எழுதலாம் என்று விதி வையுங்கள். மற்றவர்கள் "எங்கட வயலிலயும் இப்படி" என்று தங்கள் இடத்தைச் சொல்லலாம். எங்கெங்கே பரவுகிறது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

வெட்டு மெஷின் ஒழுங்குக்கு வாக்கெடுப்பு வசதி நன்றாக உதவும். ஒரு வாக்கெடுப்பில் 12 தெரிவு வரை போடலாம். திகதிகளைத் தெரிவாகப் போட்டால் யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரியும். மெஷின்காரர் ஒரு வாய்க்காலை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தால் அவருக்கும் டீசல் மிச்சம்.

ஒருவர் கேட்ட கேள்வி விடையின்றிக் கிடந்தால் அவர் மறுபடி கேட்கமாட்டார், பார்த்திருந்த இன்னும் இருபது பேரும் கேட்கமாட்டார்கள். ஒரு நாளுக்குள் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் போகவேண்டும். விடை தெரியாவிட்டால், தெரிந்திருக்கக்கூடிய இருவரின் பெயரைக் குறித்துக் கூப்பிட்டு, "அண்ணை, இதை ஒருக்கா பாருங்கோ" என்று நிர்வாகி எழுதட்டும். ஒரு விடயம் பேசி முடிந்ததும் இரண்டு வரியில் முடிவைத் தொகுத்து எழுதுங்கள். பின்னால் தேடுபவருக்கு அது போதும்.

ரைப் பண்ணச் சிரமப்படுபவர்களைக் குரல் பதிவுக்கு ஊக்குவியுங்கள், ஆனால் ஒரு நிமிடத்துக்குள். கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகும், இலங்கைத் தமிழுக்கும் தனித் தெரிவு உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவரைத் திருத்தாதீர்கள். எழுதுவதே பெரிய விடயம்.

பெண்கள் எழுதும் குழு

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல. போருக்குப் பிறகு வயலைத் தனியே செய்பவர்கள் அவர்கள். ஆண்கள் நிறைந்த குழுவில் ஒரு கேள்வி கேட்டால் அன்று மாலையே தெரியாத இலக்கத்திலிருந்து செய்தி வரும் என்ற பயத்தில் பலர் வாசிப்பதோடு நிறுத்துகிறார்கள். முறைப்பாடு கிடைத்த அன்றே, விசாரணை என்று இழுக்காமல், அந்த ஆளை நீக்குவதுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும். எங்கள் உறுதியான கருத்து இது: நீக்கப்படுபவர் எவ்வளவு பெரிய கமக்காரராக இருந்தாலும் விட்டுக்கொடுக்கக்கூடாது. இலக்கத்தைக் காட்ட விரும்பாதவர்கள் பெண் நிர்வாகிக்குக் கேள்வியை அனுப்ப, அவர் பெயர் சொல்லாமல் குழுவில் போடலாம். பல குழுக்களை ஒன்றின் கீழ் இணைக்கும் வாட்ஸ்அப் சமூகம் (Community) என்ற அமைப்பில் அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களின் இலக்கம் மற்ற அங்கத்தவர்களுக்குத் தெரியாது. குழு பெரிதானால் அதைப் பாவியுங்கள்.

காசு, அரசியல், மரண அறிவித்தல்

குழு கொஞ்சம் பெயர் எடுத்ததும் வெளிநாட்டு உறவுகள் சேரக் கேட்பார்கள். நல்ல மனத்தோடு "வாய்க்கால் கட்ட நான் ஒரு லட்சம் தாறன்" என்று ஒருவர் எழுதினால் அன்றோடு குழுவின் நோக்கம் மாறிவிடும். யார் கணக்குக்குப் போனது, ஏன் அந்த வாய்க்காலுக்கு, எங்கே பற்றுச்சீட்டு என்ற பேச்சு தொடங்கி, தண்ணீர்ச் செய்தி அடியில் புதைந்துபோகும். உதவிப் பேச்சை அப்படியே கமக்காரர் அமைப்பு அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அவற்றுக்குச் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், கூட்டுக் கையொப்பமும், கூட்டக் குறிப்பும் இருக்கின்றன. தனிப்பட்ட கணக்கு இலக்கம் குழுவில் வந்தால், அது யாருடையதாக இருந்தாலும் உடனே அழிக்கவேண்டும். சிறுகடன் விளம்பரங்களும் அப்படியே. நுண்கடன் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும்.

தேர்தல் காலத்தில் கட்சிச் செய்தியை ஒருவருக்கு அனுமதித்தால் எல்லோருக்கும் அனுமதிக்கவேண்டி வரும். யாருக்கும் இல்லை என்பதே வழி. மரண அறிவித்தல் கடினமானது, ஊரில் ஒருவர் இறந்த செய்தியை அழிப்பது மனிதத் தன்மையல்ல. அங்கத்தவர் அல்லது அவரின் குடும்பத்தவர் என்றால் நிர்வாகி ஒரு செய்தி போட்டு, அனுதாபங்களைத் தனிச் செய்தியாக எழுதாமல், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் அடையாளக் குறியாக (ரியாக்ஷன்) இடச் சொல்லலாம். அப்போது நூற்றைம்பது தனித்தனி அனுதாபச் செய்திகளின் கீழே காலைத் தண்ணீர் முறை காணாமல் போகாது.

தண்ணீர்ச் சண்டை குழுவுக்குள் வந்தால் இரண்டு பக்கமும் தலா ஒரு செய்தி, அதற்குமேல் இல்லை. பிறகு வாய்க்கால் பிரதிநிதியோடு நேரில். எழுத்தில் தொடரும் சண்டை ஆறாது, ஏனென்றால் நேற்று எழுதியதை இன்று மறுபடி எடுத்துக் காட்டலாம்.

வளர்ச்சி

குழு வளரும் காலம் இரண்டு: காலபோக விதைப்புக்கு முன், அறுவடையின்போது. புரட்டாதியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும் நாளில் தீர்மானங்களை, விதைப்புத் தொடக்கம், கடைசித் திகதி, தண்ணீர் விடும் நாள், மாடு கட்டும் நாள் என்று ஒரே படமாக்கி அன்று மாலையே போடுங்கள். அந்தப் படத்தின் அடியில் குழுவின் பெயரும் நிர்வாகியின் இலக்கமும் இருந்தால் அது தானே ஊர் ஊராகப் போய் ஆள் கொண்டுவரும். குளத்து நீரில் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எத்தனை பங்கு என்ற கூட்டத்தின் முடிவும் அப்படித்தான். அந்த முடிவைத் தப்பாகப் போட்டால் ஒரு வருட நம்பிக்கை போய்விடும், ஆகவே கூட்டக் குறிப்போடு ஒத்துப் பார்த்த பின்பே போடுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மகிழவேண்டாம். மாத முடிவில் மூன்றை எண்ணுங்கள்: எத்தனை பேர் ஏதாவது எழுதினார்கள், எத்தனை கேள்வி வந்தது, அதில் எத்தனைக்கு விடை கிடைத்தது. எழுதுபவர் எப்போதும் அதே ஐந்து பேர் என்றால், அமைதியாக இருப்பவர் இருவருக்குத் தனியாகப் போன் எடுத்து, அவருக்குத் தெரிந்த ஒன்றைக் குழுவில் சொல்லக் கேளுங்கள். மூத்த கமக்காரருக்கு மழைக்குறி தெரியும், இளைஞனுக்கு ட்ரோன் மருந்து அடிப்பது தெரியும்.

இருநூற்றைம்பதை நெருங்கும்போது பிரியுங்கள். கரைவாரியாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரு சமூகத்தின் கீழ் கொண்டுவந்து, பொது அறிவிப்பை மேலிருந்து ஒருமுறை போட்டால் போதும். பிரிப்பதற்கு முன்னரே புதிய குழுவின் நிர்வாகிகளைப் பழைய குழுவில் ஒரு போகம் பழக்குங்கள். முதல் முறை பிரிக்கும்போது விடுபடும் பெயர்கள்தான் மனக்கசப்பு. அங்கத்தவர் பட்டியலைக் கொப்பியில் எழுதி வைத்துச் சரிபாருங்கள்.

சிறுபோக அறுவடை முடிந்து புழுதி உழவு தொடங்கும் வரை குழு தானாக அமைதியாகும். அதை உயிர்ப்பிக்க நகைச்சுவைக் காணொளி போடாதீர்கள். அந்த இடைவெளியில் இலக்கம் மாறியவர்களை நீக்கி, அழைப்பு இணைப்பைப் புதுப்பித்து, வெளியேற விரும்பும் நிர்வாகிக்குப் பதில் ஆளைப் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்து, போன போகத்தின் தண்ணீர்த் திகதிகளையும் விலைகளையும் ஒரு பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் மேலே பொருத்தி வையுங்கள்.